ரெண்டாம் நம்பர் அக்கா

அந்த அக்கா பேரை நான் எழுத மாட்டேன். மரியாதை எல்லாம் ஒண்ணும் இல்ல, பழிக்குப் பழி. என் பேரை இனிஷியலோட, எந்த நாட்டுக்காரன் தேடினாலும் கெடைக்கிற எடத்துல போட்டு வச்ச ஆளு அது. இன்னைக்கும் அங்ஙன இருக்கு, போய்ப் பாத்துக்கிடலாம். அதனால இங்க அதுக்குப் பேர் கெடையாது. ஒரகடத்துல எங்க ஆபீஸ்ல கூப்பிட்ட பட்டப்பேர் மட்டும்தான்: ரெண்டாம் நம்பர் அக்கா.

ரெண்டாம் நம்பர்னு சொன்னதும் போலிச் சரக்குன்னு நெனச்சு, ஆபீஸுக்குப் புதுசா வர்றவன் ஒரு நிமிசம் முழிப்பான். விசயம் வேற. நாங்க செஞ்சது ஃபேக்டரி கேட்ல ஓடுற ஒரு மென்பொருள். யாரு உள்ள வந்தா, யாரு வெளிய போனா, இந்த நிமிசம் உள்ள இருக்கது எத்தனை பேரு, அம்புட்டுத்தான் அதுக்கு வேலை. ஓப்பன் சோர்ஸ். கோடு பூராத் தொறந்து கெடக்கும். எவனும் எடுத்துக்கலாம், திருத்தலாம், திருத்துனதத் திருப்பி அனுப்பலாம். அதோட மூணாம் வெர்ஷனை எழுதுனது நான். பெரிய கம்பெனி எல்லாம் அதுக்கு மாறிட்டாங்க. வாலாஜாபாத், வடக்குப்பட்டுப் பக்கம் சின்னச் சின்ன யூனிட்டுகள்ல மட்டும் ரெண்டாம் வெர்ஷன் ஓடுச்சு. அவங்க கேட்ல இருந்த கம்ப்யூட்டருக்குப் புதுசைத் தாங்கத் தெம்பு இல்ல. அந்த ரெண்டாம் வெர்ஷனைப் பாத்துக்கிட்டது அக்கா.

என் புது வெர்ஷன்ல நான் ஒரு ஓட்டைய அடைச்சேன்னு வைங்க. அதே ஓட்டை பழசுலயும் இருக்கான்னு அக்கா பாக்கும். இருந்தா, அடைப்ப மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்து, பழசுக்குப் பொருந்துற மாதிரி வெட்டி வைக்கும். பேக்போர்ட்டுன்னு அதுக்குப் பேரு. நான் புது வீடு கட்டுற கொத்தனாரு, அது பழைய வீட்டுக்கு ஒழுகல் பாக்குற ஆளு. அப்படித்தான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கொழுப்பு, வேற என்ன.

அக்காவுக்கு வடக்குப்பட்டுதான் சொந்த ஊரு. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில ரீவொர்க் மேசையில ஏழு வருசம். லைன்ல தப்பாப் போன போர்டு அதுகிட்ட வரும். கெட்டுப் போன ஒரே ஒரு பார்ட்ட மட்டும் உருக்கி எடுத்துட்டு, புதுசு வச்சு அனுப்பணும். அங்க பாத்ரூம் போகணும்னாக்கூட, மாத்தி உக்கார ரிலீவர் வந்தாத்தான் எந்திரிக்க முடியும். எங்க ஆபீஸ்ல மொத மாசம் பூரா அக்கா பாதி எந்திரிச்சு, ரெண்டு பக்கமும் பாத்து, யாரையும் காணோம்னு திரும்ப உக்காந்துக்கும். எனக்கே பாவமாப் போச்சு. "யக்கா, நான் ஒங்க சேர்ல உக்காந்துக்கிடுதேன், போய்ட்டு வாங்க"ன்னேன்.

"உன்ன குந்த வெச்சா லைன் நின்னுடும்டா"ன்னு சொல்லிட்டு ஓடுச்சு.

நான் கோவில்பட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கே எனக்கும் பேர் வச்சாச்சு. கடலமுட்டாய். ஒரகடத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தெக்கத்திப் பயலுக நூறு பேரு முன்னாடியும் அப்படித்தான் கூப்பிடும்.

லைன்ல இருந்து அக்கா கொண்டு வந்த சொத்து ஒண்ணு உண்டு. கழிச்ச சாமானப் போடுற சிவப்புப் பெட்டி. மேசைக்கு அடியில அது இருக்கும். யாராவது ஒரு பேட்ச், அதாவது ஒரு திருத்தம், அனுப்புனா அக்கா அதப் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, சிவப்பு மார்க்கரோட உக்காரும். ஓட்டைய அடைக்கிற வரிய மட்டும் வட்டம் போடும். மிச்சம் பூராவுக்கும் மேல "சு.ந.சூ."ன்னு எழுதிப் பெட்டிக்குள்ள போட்டுரும். சுற்றமும் நட்பும் சூழ. கல்யாணப் பத்திரிகையில போடுவாங்கள்ல, அதேதான்.

"ஒரு ஓட்டைய அடைக்க ஒரு ஆளக் கூப்ட்டா, மாமன் மச்சான் அல்லாரையும் இட்டுகினு வந்து கீறான் பாரு. பொட்டியில போடு"ன்னும்.

வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் நல்லாப் பெருசா ஒரு பேட்ச் அனுப்பி, பதிலுக்கு "சு.ந.சூ." வாங்குனான். என்னன்னு கேட்டான். கல்யாணத்துல சொல்ற வாழ்த்துன்னு நான் எழுதிட்டேன். பாவி மனுசன் நெகிழ்ந்து போயி அக்காவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டான். அக்கா ரெண்டு நாள் என்னைய மொறைச்சுக்கிட்டே திரிஞ்சுச்சு.

அந்தப் பெட்டியில பாதிக்கு மேல என் சரக்குதான். ஆயிரம் வரி எழுதிக் குடுப்பேன், மூணு வரி எடுத்துக்கும். கறிவேப்பிலையத் தள்ளி வைக்கிற மாதிரி மிச்சத்தத் தள்ளி வைக்கும். எனக்கு வயிறு எரியும்.

திருத்துனத எல்லா யூனிட்டுக்கும் அனுப்பி ரிலீஸ் பண்றதுக்கும் ஒரு சட்டம் வச்சிருந்துச்சு. மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை. ஆபீஸே கொந்தளிச்சுப் போச்சு. செவ்வாயோ வெறுவாயோன்னு சொல்லுவாங்க, அன்னைக்குப் போயா? அக்கா அசரல. "எந்த யூனிட்லயும் செவ்வாக்கெழம புது மிசின் எறக்க மாட்டான், புது ஆள் சேக்க மாட்டான். கேட் காலியா கீது. போன் பண்ணா எடுப்பான். எங்க சர்ச்சு ஃபாதராண்டயும் கேட்டுட்டேன், பாவம் இல்லியாம்"னுச்சு.

இப்ப விசயத்துக்கு வாரேன். ரெண்டாம் வெர்ஷன்ல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏ ஷிப்ட் முடியும். முடிஞ்ச ஒடனே மென்பொருள் ஏ ஷிப்ட் ஆளுக அம்புட்டுப் பேரையும் "வெளியே"ன்னு தானா மாத்திரும். ஆனா ஓ.டி. பாக்க நின்னவங்க உள்ளதான இருப்பாங்க? லிஸ்ட்ல அவங்க இல்ல. ஒரு தீ விபத்துன்னு வச்சுக்கோங்க, கேட்ல அந்த லிஸ்ட எடுத்துத்தான் உள்ள யார் யார் மாட்டியிருக்கான்னு தேடுவாங்க. ஓ.டி. ஆளத் தேட ஒருத்தனும் போக மாட்டான்.

அக்காவோட தங்கச்சி வடக்குப்பட்டுல ஒரு பேக்கிங் யூனிட்ல வேலை. வாரத்துல நாலு நாள் ஓ.டி. அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கிற எடம். அக்கா இந்த ஓட்டைய மொதமொத கண்டுபிடிச்சதே தங்கச்சி பேரு லிஸ்ட்ல இல்லாததப் பாத்துத்தான். அன்னைக்குச் சாயங்காலம் அக்கா சாப்பாட்டு டப்பாவத் தொறக்கவே இல்ல.

மூணாம் வெர்ஷன்ல அதே ஓட்டைய நான் ஏற்கெனவே அடைச்சிருந்தேன். அள்ளிக் குடுத்தேன், ஆயிரத்து நானூறு வரி. அக்கா மார்க்கர எடுத்துச்சு. ஒரு வட்டம்கூட போடல. மொத்தமாப் பெட்டிக்குள்ள போட்டுருச்சு.

"என்னக்கா இது! தங்கச்சி உள்ள இருக்குன்னு நீங்கதான பதறுனீங்க?"

"அதனாலதான்டா சொல்றேன். இத்தினி ஜனத்த உள்ள உட்டா எவன் இன்னா பண்றான்னு யாருக்குத் தெரியும்? நீ ஒரு தபா அந்த கேட்டாண்ட போய் நின்னு பாத்துருக்கியா?"

நான் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? கோடு எங்கிட்ட இருக்கு.

"ஷிப்ட் முடியறத்த ஒரு நாள் பூரா குந்தினு பாக்கணும். அப்பால அடுத்த செவ்வா ரிலீஸ். இந்தச் செவ்வா இல்ல, அடுத்தது. எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன், மூணு நாளு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரில இருப்பேன். அவசரம்னா மட்டும் தொடு." ரிலீஸ் பண்ற பாஸ்வேர்ட ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எங்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு.

இதுவும் அவசரம்தானன்னு நான் நெனச்சேன். புதன்கிழமை தங்கச்சி யூனிட்ல மாக் ட்ரில்லுன்னு சொல்லியிருந்தாங்க. பொகையப் போட்டு, சைரன் அடிச்சு, எல்லாரும் ஒழுங்கா வெளிய வர்றாங்களான்னு பாக்குற ஒத்திகை. அன்னைக்குத் தங்கச்சிக்கு ஓ.டி. வேற. லிஸ்ட்ல அது பேரு வரணும், எல்லார் முன்னாடியும் வரணும், அத நான் செஞ்சதா இருக்கணும்.

ஆனா இந்தத் தடவ சு.ந.சூ. வாங்கக் கூடாதுன்னு வைராக்கியம். அக்கா சேர்லயே உக்காந்து, என் ஆயிரத்து நானூறையும் சலிச்சேன். சலிச்சுச் சலிச்சுக் கடைசியில மூணே வரி நின்னுச்சு. வெளிய போனதுக்கு மிசின்ல பஞ்ச் பண்ணாதவன் உள்ள இருக்கான். அவ்வளவுதான் சாராம்சம். மாமன் இல்ல, மச்சான் இல்ல. செவ்வாக்கிழமை மத்தியானம் ரிலீஸ் பண்ணிட்டுக் கீழ இருந்த கடையில பிரியாணி சாப்பிட்டேன்.

புதன்கிழமை ரெண்டரை மணிக்கு யூனிட் வாசல்ல நின்னேன். ட்ரில் நடத்த வெளிய இருந்து ஒரு சேஃப்டி ஆபீசர், கையில ஸ்டாப் வாட்ச். பேக்கிங் ஹால்ல பொகைய விட்டாச்சு. சைரன். எல்லாரும் வெளிய, அசெம்ப்ளி பாயிண்ட்டுக்கு வந்து நின்னாங்க; பேர் கூப்பிட்டா மட்டும்தான் வாயத் தொறக்கணும்னு ஆபீசர் சொல்லியிருந்தார். கேட்ல ஒரு வாட்ச்மேன், அறுபது வயசு இருக்கும், முட்டியில பெல்ட் கட்டியிருப்பார். அங்க எல்லாரும் நைனான்னுதான் கூப்பிடுவாங்க. அவர் லிஸ்ட வாசிக்க ஆரம்பிச்சார். தங்கச்சி பேரு வந்துச்சு. "கீறேன் நைனா"ன்னு அது கையத் தூக்குச்சு. எனக்குத் தலைகால் புரியல.

அடுத்த பேர வாசிச்சார். பதில் இல்ல. அடுத்தது. பதில் இல்ல. பத்தொம்பது பேரு, ஒருத்தர்கூட அங்க நிக்கல.

"லிஸ்ட் டேலி ஆகல, உள்ள பாருங்க"ன்னார் ஆபீசர். நைனா துண்ட நனைச்சு மூஞ்சியில கட்டிக்கிட்டு உள்ள போனார். வந்தார். யாரும் இல்லைன்னார். ஆபீசர் ஸ்டாப் வாட்ச்சப் பாத்தார். நைனா திரும்பப் போனார். மூணாவது தடவ போனவர் வரல.

நான் ஓடினேன்னு எழுதலாம்னு ஆசையாத்தான் இருக்கு. ஓடல. நின்னேன். ஓடுனது தங்கச்சி. பொகைக்குள்ள போயி அவர் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துச்சு. மனுசன் இருமுறார், கண்ணுல தண்ணியா ஊத்துது, அப்பவும் திரும்ப உள்ளயே போகப் பாக்குறார்.

"இன்னும் ஆள் கீது கண்ணு, உடு."

"அவுங்கல்லாம் ரெண்டு மணி பஸ்ஸுல வூட்டுக்குப் போயிட்டாங்க நைனா!"

"லிஸ்ட்ல உள்ள கீறாங்களே"ன்னார் நைனா.

என் மூஞ்சிக்கு நேரா அவர் அதச் சொல்லல. ஆனா எனக்கு மட்டும்தான் அது புரிஞ்சுச்சு. மூணாம் வெர்ஷன் இருக்கிற கம்பெனிகள்ல வெளிய போகத் தனி மிசின். பஞ்ச் பண்ணாத்தான் கம்பி சுத்தும், ஆள் வெளிய வர முடியும். இங்ஙன ஒரே மிசின், செவுத்துல. ரெண்டு மணிக்கு பஸ் ஹாரன் அடிச்சா, பஞ்சாவது ஒண்ணாவது, சீட் புடிக்க ஓடுவாங்க. அதனாலதான் பழைய வெர்ஷன் எல்லாரையும் தானா வெளிய அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கேட்ல பத்து நிமிசம் நின்னிருந்தா நாய்க்குக்கூட புரிஞ்சிருக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து பூராத்தையும் கேட்டுச்சு.

"நைனா எப்படி கீறாரு?"

"ஒக்காந்திருக்காருக்கா. தண்ணி குடிக்காரு."

"மொதல்ல ரிலீஸ வாபஸ் வாங்கு. எல்லா யூனிட்டுக்கும் போன் பண்ணி பழச போடச் சொல்லு. அழுவறது அப்பால."

அழுதேன், அப்பால. வெக்கம் என்ன.

மறுநாள் காலையில அக்கா வந்துச்சு. திட்டும், திட்டட்டும்னு தயாரா இருந்தேன். அது என் பைக்குல ஏறி, "வடக்குப்பட்டுக்கு உடு"ன்னு மட்டும் சொல்லுச்சு. கேட்ல நைனா பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துச்சு. நான் நின்னேன். ரெண்டு மணிக்கு பஸ் ஹாரன் அடிக்க, ஜனம் செவுத்து மிசினத் திரும்பிக்கூட பாக்காம ஓடுனத என் கண்ணால பாத்தேன்.

"நைனா, ஓ.டி. நிக்கறவங்க யாருன்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா கண்ணு கேக்கற? ஒரு மணிக்கே சூப்பர்வைசர் டீ டோக்கன் போட்டுடுவாரே. ஓ.டி.க்கு ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு."

"டோக்கன் வாங்காம யாராச்சும்?"

"பன்ன உடுவானா? சக்கர வியாதிக்காரங்க மூணு பேரு கீறாங்க. அவுங்களே டோக்கன வாங்கி அடுத்தவங்களுக்குக் குடுப்பாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அந்த டீ டோக்கன் பகுதி ரெண்டாம் வெர்ஷனுக்குள்ளயே இருந்துச்சு. மூணாம் வெர்ஷன் எழுதும்போது, இதெல்லாம் ஒரு வேலையான்னு தூக்கி எறிஞ்சவன் நான்தான். அக்கா எழுதுன திருத்தம் பதினோரு வரி வந்துச்சு. ரெண்டு மணி அடிச்சா, பன்னு டோக்கன் வாங்குனவன் உள்ள, வாங்காதவன் வெளிய. பாக்க அசிங்கமா இருந்துச்சு. நாலு நாள் அந்தக் கேட்ல வச்சுத் தலைய எண்ணிப் பாத்தோம். ஒரு ஆள்கூட பெசகல.

"மூணு வரியில முடியலியேக்கா"ன்னேன், நொந்து போயி.

"மூணு வரின்னு யாருடா கேட்டா? வாணாத சொந்தத்தத்தான் உட்டுட்டு வரச் சொன்னேன். நீ பெத்த தாயையே உட்டுட்டு வந்து கீற."

செவ்வாக்கிழமை ரிலீஸ். கூடவே அக்கா எப்பவும் எழுதுற குறிப்பு. அதுல இருந்தது இதுதான்: போன வெளியீட்ட யாரும் போடாதீங்க. தப்பு செஞ்சது இன்னார். அங்க என் பேரு, இனிஷியலோட. யூனிட் கேட்டப் போய்ப் பாக்கறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டக் குடுத்தது இன்னார். அங்க அக்கா பேரு. கண்டுபிடிச்சது வாட்ச்மேன் இன்னார். அங்க நைனா பேரு, இனிஷியலோட.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. "யக்கா, மெட்ராஸ்ல பெரிய கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கேன். என் பேரத் தேடுனா மொதல்ல இதுதான் வரும். எடுத்துருங்கக்கா."

"வரட்டும்"னுச்சு. "நேத்து நைனா பொகையில போனாரே, வூட்ல துன்னுகினு இருந்தவன் பேரெல்லாம் உள்ள கீதுன்னு எய்தியிருந்துச்சு. இப்பத்தான் சரியான பேரு சரியான எடத்துல கீது. போய் வேலையப் பாரு."

நேத்து இல்ல, ஆறு நாளு ஆயிருந்துச்சு. ஆனா அத எடுத்துச் சொல்ற நெலமையில நான் இல்ல. கோவத்துல அதோட பழைய குறிப்பெல்லாம் தோண்டிப் பாத்தேன், ஏதாவது மறைச்சிருக்கான்னு. தப்பு செஞ்சதுன்னு பன்னெண்டு எடத்துல அதுவே அது பேரப் போட்டிருந்துச்சு. சவத்த, ஒண்ணும் சிக்கல.

மெட்ராஸ் வேலை கெடைச்சுச்சு. அந்தக் குறிப்ப எவனும் தேடிப் பாக்கல, எவனும் கேக்கல. பதில் எல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்த எனக்குத்தான் ஏமாத்தமாப் போச்சு.

ரெண்டு வருசம் கழிச்சு அக்காவோட கல்யாணப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. வாலாஜாபாத் சர்ச்சு. "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து"ன்னு அச்சடிச்சிருந்த வரியில, சுற்றமும் நட்பும் சூழங்கிறத மட்டும் சிவப்பு மார்க்கரால அடிச்சிருந்துச்சு. மேல கையால எழுதியிருந்துச்சு: "நீ மட்டும் வா." ஆபீஸ்னுகூட பாக்காம சத்தமாச் சிரிச்சேன்.

கல்யாணத்தன்னைக்கு நேரா வாலாஜாபாத் போகல. வடக்குப்பட்டுக்குப் போனேன். நைனாவுக்கும் பத்திரிகை வந்திருந்துச்சு. முட்டி வலியோட பஸ்ஸுல ஏற முடியாதுன்னு, சட்டையப் போட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தார். பைக்குல பின்னாடி ஏத்திக்கிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல அக்கா மாலையோட நின்னுச்சு. எங்க ரெண்டு பேரையும் பாத்துச்சு.

"டேய் கடலமுட்டாய், உன்ன மட்டும்தானடா வரச் சொன்னேன்?"

"இவரு இல்லாம நான் மட்டும் வந்தா, அந்த மூணு வரி மாதிரி நிக்காதுக்கா."

கல்யாணப் பொண்ணு கண்ணு கலங்கி நின்னத, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், நான் ஒருத்தன்தான் பாத்தேன். நைனா அதெல்லாம் கவனிக்கல. கூடத்துக்குள்ள எட்டிப் பாத்து, பந்தியில உக்காந்திருக்கிற தலைய எண்ணிக்கிட்டு இருந்தார்.

"நாங்க ரெண்டு பேரு வந்து கீறோம் கண்ணு. லிஸ்ட்ல போட்டுக்க"ன்னார்.